நகரக் கழிவும் விளைநிலமும்: பாதுகாப்பு என்னும் கருத்தின் வரலாறு

எருவிடுதல் வேளாண்மையைப் போன்றே பழமையானது. கால்நடை மேய்ந்ததை நிலத்துக்குத் திருப்பித் தருவதும், மனிதன் உண்டதன் எச்சத்தை மீண்டும் வயலிற் சேர்ப்பதும் உலகின் பல பாகங்களில் எவரும் எழுதிவைக்காத சட்டங்களாக நிலவிவந்துள்ளன. ஆயின், ‘இது பாதுகாப்பானதா?’ என்ற வினா அத்துணைப் பழமையானதன்று. நகரங்கள் பெருத்து, அவற்றின் கழிவெல்லாம் ஒரே குழாயில் திரண்டு ஒரே இடத்தில் வந்து விழும் நிலை தோன்றிய பின்னரே அது பொதுவாழ்வின் வினாவாயிற்று. கடந்த 180 ஆண்டுகளில் அதற்கு அளிக்கப்பட்ட விடைகளை அடைவே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறையை வருத்திய ஆபத்தைக் கொண்டே தன் அளவுகோலை அமைத்தது. அந்த அளவுகோலில் தேறியதைப் பாதுகாப்பானது என்று அறிவித்தது. அடுத்த ஆபத்து அதில் அகப்படாமலே நிலத்தினுட் சென்றது. இவ்வரலாற்றின் சில கட்டங்களை, குறிப்பாகப் பாரிஸ் நகரின் அனுபவத்தையும் இங்கிலாந்தின் வூபேர்ண் பரிசோதனை நிலத்தின் அனுபவத்தையும், சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நகரங்கள் சிலவற்றில் மனித மலம் விலையுள்ள பண்டமாக இருந்தது. தோக்கியோவின் பழைய வடிவமான எடோ நகரில், வாடகைக் குடியிருப்புகளின் மலம் வீட்டுச் சொந்தக்காரரின் உடைமையாகக் கருதப்பட்டது. அயற்கிராமத்து விவசாயிகள் அதனைப் பணம் கொடுத்தோ காய்கறிக்குப் பண்டமாற்றாகவோ பெற்றுச் சென்றனர். 18ஆம் நூற்றாண்டில் அதன் விலை ஏறியபோது கிராமங்கள் ஒன்றுகூடி விலையைக் குறைக்குமாறு கோரும் அளவுக்கு அது முக்கியத்துவம் பெற்றிருந்தது. சீனத்திலும் இந்நிலையே காணப்பட்டது. 1909இல் கீழைநாடுகளிற் பயணஞ்செய்த அமெரிக்க மண்ணியல் அறிஞர் எவ். எச். கிங், 1911இல் வெளிவந்த தமது நூலில், சங்காய் நகரின் வெளிநாட்டார் குடியிருப்புப் பகுதி 1908ஆம் ஆண்டில் மலம் அள்ளும் உரிமையை ஓர் ஒப்பந்தக்காரருக்கு 31,000 டொலருக்கு விற்றதையும், அதன்மூலம் 78,000 தொன் கழிவு அகற்றப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். தம் நாட்டு நகரங்கள் காசு கொடுத்துக் கடலில் எறியும் ஒன்றை இன்னொரு நாட்டு நகரம் காசு வாங்கிக் கொடுத்ததே அவரை வியப்பில் ஆழ்த்தியது.

இந்தப் பழைய முறை நோயற்றதாக இருந்தது என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. குடற்புழுக்கள் சீனத்திலும் யப்பானிலும் மிகப் பரவலாகக் காணப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் பின் யப்பானில் நிலைகொண்ட அமெரிக்கப் படை, மலம் இடப்பட்ட தோட்டங்களின் காய்கறிகளைத் தன் வீரர் பச்சையாக உண்ண விடாது, சோபு என்னுமிடத்தில் மண்ணின்றிச் சரளைக்கல்லிலும் சத்துநீரிலும் பயிர் வளர்க்கும் தோட்டமொன்றையே அமைத்தது. உள்ளூர் மக்களோ நீரைக் காய்ச்சித் தேநீராகக் குடித்தும், காய்கறியைச் சமைத்தும், மலத்தைத் தொட்டிகளிற் பலநாள் கிடக்கவிட்டும் அந்த ஆபத்தோடு ஒருவகை உடன்பாட்டுக்கு வந்திருந்தனர். ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனின், அந்தக் கழிவில் இருந்தவை யாவும் உடலிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் வந்தவையே. அதன் நஞ்சு உயிருள்ள நஞ்சு. வெப்பமும் வெயிலும் காலமும் அதனைக் கொல்லவல்லன. பிற்காலத்தில் 1931ஆம் ஆண்டளவில் இந்தூரில் அல்பேட் ஹவாட் வகுத்த கூட்டெரு முறையும், 1939இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பையையும் மலத்தையும் சேர்த்து மக்கவைக்க வகுத்த முறையும் இந்த உண்மையின் மீதே எழுந்தன.

ஐரோப்பாவில் இந்த வட்டத்தை உடைத்தது நீர்மலசலகூடம். வண்டியில் ஏற்றத்தக்கதாயிருந்த பொருளை அது ஆறாகப் பெருகும் திரவமாக மாற்றியது. எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, நகர்த் தொழிலாளரின் நோய்க்குக் காரணம் அழுகும் பொருளிலிருந்து எழும் தீய ஆவி என்ற நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. நாற்றமே நோய் என்பது அக்காலக் கொள்கை. ஆகவே வீட்டிலிருந்து நாற்றத்தை அகற்றுவதே சுகாதாரம் எனப்பட்டது; நாற்றம் நதிக்குப் போயிற்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே அலைக்கழித்த பின்னர், யோசேப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங்குழாய்கள் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்று அதே நதியில் விட்டன.

இதே காலத்தில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் யுஸ்டஸ் லீபிக், நிலத்திலிருந்து நகருக்குச் செல்லும் தானியத்தோடு நிலத்தின் கனிப்பொருட்களும் செல்கின்றன, அவை திரும்பாவிடின் நிலம் வறளும் என்று எச்சரித்துவந்தார். தென் அமெரிக்கக் கடற்றீவுகளிலிருந்து கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டே தன் மக்களின் எச்சத்தை ஆற்றில் விடும் நாடொன்றில் அவ்வெச்சரிக்கைக்குச் செவிகொடுப்போர் பலர் இருந்தனர். கழிவுநீரை நிலத்திற் பாய்ச்சுவது இரு சாராருக்கும் உகந்த தீர்வாகத் தோன்றியது. எடின்பரோ நகரின் அருகே கிறெய்கென்ரினி புல்வெளிகளில் நெடுங்காலமாகவே நகரக் கழிவுநீர் பாய்ந்து, ஆண்டிற் பலமுறை புல் அறுக்கப்பட்டுவந்தது. 1860களிலும் 1870களிலும் இங்கிலாந்தின் பல நகரங்கள் கழிவுநீர்ப் பண்ணைகளை அமைத்தன. மண்ணிற் பாய்ந்த நீர் நாற்றமற்று வெளிவந்தது. நாற்றமே நோயென்ற கொள்கையின்படி அது பாதுகாப்பானதாயிற்று.

இதற்கு மாறாக எழுந்த குரல்களுள் ஒட்டுண்ணியியல் அறிஞர் ரி. ஸ்பென்சர் கொபோல்டின் குரல் குறிப்பிடத்தக்கது. கழிவுநீர்ப் பண்ணைகள் பெருகினால் நாடாப்புழு முதலான ஒட்டுண்ணிகள் மாட்டிறைச்சி வழியே மனிதனுக்குத் திரும்பும் என அவர் 1865இல் எச்சரித்தார். 1871இல், உரொம்ஃபோட் நகரருகே பிறெற்றன்ஸ் பண்ணையிற் கழிவுநீரில் விளைந்த புல்லைத் தின்று வளர்ந்த ஓர் எருது, பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் நியமித்த குழுவின் பொருட்டு அறுக்கப்பட்டது. அதனைச் சோதித்தவர்களுள் கொபோல்டும் ஒருவர். ஒட்டுண்ணி எதுவும் காணப்படவில்லை என்பதை அவர் நேர்மையுடன் பதிவு செய்தார். கண்டதைக் கண்டவாறு கூறிய அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஒரேயோர் எருதின் சாட்சியம் ஒரு நாட்டின் கொள்கைக்குப் பக்கபலமாக்கப்பட்டமை, இல்லாமையை நிறுவுவதற்கு எத்துணைச் சிறிய சான்று போதுமானதாகக் கொள்ளப்பட்டது என்பதைக் காட்டுகின்றது. இப்போக்கு பிற்காலத்திலும் மறையவில்லை.

பாரிஸ் நகரின் வரலாறு இவற்றுள் மிக விரிந்தது. முடிவு வரை எழுதப்பட்டது என்றுங்கூடக் கூறலாம். பாரிஸ் தன் கழிவைக் கடலுக்கு அனுப்பி ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்கு பெறுமதியை இழக்கின்றது என்று விக்ரர் ஹியூகோ 1862இல் வெளிவந்த தம் பெருநாவலிற் கணக்கிட்டார். கவிஞர் கணக்கிட்டதை ஏழு ஆண்டுகளின் பின் பொறியியலாளர் செயற்படுத்தத் தொடங்கினர். அடொல்ப் மீல், அல்பிரட் துயுரான்-கிளே ஆகிய இருவரும் 1869இல் சீன் நதியின் வளைவொன்றினுள் அமைந்த ஜென்வில்லியே சமவெளியில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சினர். மணலும் பரலும் நிறைந்த வறிய நிலம் அது. முதலில் ஐயுற்ற தோட்டக்காரர், கோவாவும் லீக்சும் செழித்தெழக் கண்டதும் தாமாகவே நீர் கேட்டு வந்தனர். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் நிலம் அந்நீரில் விளைந்தது. தரைக்கீழ் நீர் உயர்ந்து ஊர்மக்களின் நிலவறைகளுட் புகுந்தபோது வழக்குகள் எழுந்தன. நகரம் வடிகுழாய்களைப் புதைத்து அதனைச் சமாளித்தது.

இதனை அசேர் என்னும் இடத்துக்கும் விரிவாக்க முனைந்தபோது எதிர்த்தவர்களுள் லூயி பாஸ்டரும் ஒருவர். அடைப்பான் நோயில் இறந்து புதைக்கப்பட்ட மாட்டின் நோய்க்கிருமியை மண்புழுக்கள் மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன என்பதை 1880இல் அவர் எடுத்துக்காட்டியிருந்தார். மண் எதையும் மறைத்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கவில்லை. மறுபுறத்தில் மண்ணின் ஆற்றலை நிறுவும் சான்று ஒன்றும் ஏற்கனவே வெளிவந்திருந்தது. தெயோபில் ஷ்லோசிங், அஷில் முன்ற்ஸ் ஆகியோர் 1877இல் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயொன்றினூடே கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். சில வாரங்களில் அதன் அமோனியா மறைந்து நைத்திரேற்று வெளிவரத் தொடங்கியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. நுண்ணுயிர்களே இத்தொழிலைச் செய்கின்றன என்பது இதனாற் பெறப்பட்டது. அன்றுமுதல், கழிவுநீர்ப் பண்ணையிலிருந்து வடியும் நீரில் நைத்திரேற்று இருப்பது அழுக்கு எரிந்து தூய்மையானது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இந்த நைத்திரேற்றை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். அது பின்னரும் வரும்.

1889ஆம் ஆண்டுச் சட்டம் அசேர் நிலத்துக்கு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 40,000 கன மீற்றர் என்ற உச்சவரம்பை விதித்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் பாரிசின் வீட்டுச் சொந்தக்காரரை மலசலகூடங்களை நகரின் கழிவுக்குழாயுடன் இணைக்குமாறு கட்டாயப்படுத்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேயர் நிலம் நகரக் கழிவைக் குடித்து நகருக்குக் காய்கறி அளித்தது. பேர்லினில் யேம்ஸ் ஹோப்றெக்ற் வகுத்து ருடோல்ப் விர்ஷோ ஆதரித்த திட்டம் 1876இல் ஒஸ்டோர்ப் என்னுமிடத்திற் செயற்படத் தொடங்கி, நாளடைவில் இதனினும் பெரியதாயிற்று. நகரும் வயலும் ஒன்றையொன்று ஊட்டும் அந்த ஒழுங்கைக் கண்டு அக்காலத்தவர் பெருமிதங் கொண்டதில் வியப்பில்லை.

கிருமிக்கொள்கை நிலைபெற்றபின் அளவுகோல் மாறியது. நாற்றத்தை விட்டுக் கிருமியைத் தேடலாயினர். இத்தேடல் வீண்போகவில்லை. பச்சையாக உண்ணப்படும் இலைக்கறிக்குச் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாய்ச்சுவதே ஆபத்தின் மையம் என்பது படிப்படியாக நிறுவப்பட்டது. போருக்குப் பிந்திய ஜேர்மனியில், கழிவுநீரைச் சுத்திகரிக்காது காய்கறிக்குப் பாய்ச்சிய டாம்ஸ்ரற் நகரில் மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் வட்டப்புழுவுக்கு ஆளாகியிருந்தனர். முன்கூட்டியே சுத்திகரித்துப் பாய்ச்சிய பேர்லினில் அத்தொகை மிகக் குறைவு. 1970இல் எருசலேமிற் கொலரா நோய் பரவியதற்கும், சிலி நாட்டின் சந்தியாகோவில் நெருப்புக்காய்ச்சல் ஆண்டுதோறும் கோடையில் எழுந்ததற்கும் இதுவே வழியாயிற்று. 1991இல் கொலரா தென் அமெரிக்காவுக்குட் புகுந்த அச்சத்தில் சிலி அரசு சந்தியாகோவைச் சூழ்ந்த தோட்டங்களில் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. கொலரா அங்கே காலூன்றவில்லை. எதிர்பாராப் பயனாக நெருப்புக்காய்ச்சலும் சடுதியாகக் குறைந்தது. கிருமியைப் பொறுத்தவரை இவ்வரலாறு ஒரு வெற்றிக்கதையே. தடுக்கும் வழி தெரியும். தடுத்தால் நிலமும் மீளும்.

மீளாத ஒன்று அதனிடையே நிலத்திற் சேர்ந்துகொண்டிருந்தது. 1914இல் மான்செஸ்ரரில் ஆடேண், லொக்கெற் ஆகியோர், காற்றூட்டிய கழிவுநீரில் நுண்ணுயிர்களை வளர்த்துச் சுத்திகரிக்கும் முறையை வெளியிட்டனர். நகருக்கு இனி ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் நிலம் தேவைப்படவில்லை. தெளிந்த நீர் ஆற்றுக்குச் செல்ல, தொட்டியின் அடியில் கரிய சேறு எஞ்சியது. நீரைத் தூய்மையாக்குதல் என்பது அதிலிருந்த அழுக்கை வேறோரிடத்திற் சேர்த்துவைப்பதே ஆகும். முலாமிடும் பட்டறை, தோல் பதனிடும் சாலை, மின்கல ஆலை ஆகியவற்றிலிருந்து அதே குழாயினுள் வந்த ஈயம், கட்மியம், நாகம், செம்பு ஆகியன சேற்றோடு ஒட்டிக்கொண்டன. நீர் எத்துணைத் தெளிவாயிற்றோ, சேறு அத்துணைச் செறிவாயிற்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் இச்சேற்றை உலர்த்திப் பையிலிட்டுப் பசளையாக விற்றது. பிற நகரங்கள் அயலிலுள்ள விவசாயிக்குச் சும்மா கொடுத்தன. நைதரசனும் பொசுபரசும் அதில் உண்மையாகவே இருந்தன. அதனால் விவசாயி ஏமாற்றப்பட்டார் என்று சொல்லவும் முடியாது.

இங்குதான் வூபேர்ண் முக்கியத்துவம் பெறுகின்றது. உரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையம் 1942இல், போர்க்காலப் பசளைத் தட்டுப்பாட்டின் நடுவே, மணற்பாங்கான வூபேர்ண் நிலத்திற் பண்ணையெரு, கூட்டெரு, கழிவுநீர்ச் சேறு ஆகியவற்றை ஒப்பிடும் பரிசோதனையைத் தொடங்கியது. கேள்வி எளியது: எது அதிக விளைச்சல் தரும்? 1961உடன் சேறிடுவது நின்றது. ஏறத்தாழ கால் நூற்றாண்டின் பின், 1980களில், ஸ்ரீவ் மக்ராத்தும் உடனாய்வாளரும் அதே நிலத்தில் வெண்குளோவர் என்னும் தீவனச் செடியை வளர்த்தனர். பண்ணையெரு இட்ட பாத்திகளில் அது செழித்தது. சேறிட்ட பாத்திகளில் மஞ்சளித்துக் குன்றியது. செடியில் உலோக நஞ்சின் அறிகுறி இல்லை. நைதரசன் இட்டபோது அதே செடி அதே மண்ணில் வளர்ந்தது. ஆராய்ந்தபோது, அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளிலிருந்து காற்றின் நைதரசனைப் பிடித்துத் தரும் றைசோபியம் என்னும் பற்றீரியா அம்மண்ணில் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது புலனாயிற்று. எஞ்சிப் பிழைத்திருந்தது முடிச்சை உண்டாக்கினாலும் நைதரசனைத் தரமாட்டாத பயனற்ற இனம். இவ்விளைவு ஐரோப்பிய வரம்புகளுக்கு அண்மித்த உலோக அளவுகளிலேயே காணப்பட்டது. அவ்வரம்புகள் மனிதனையும் பயிரையும் எண்ணி வகுக்கப்பட்டவை. மண்ணினுள் வாழும் கண்காணா உயிருக்காக எவரும் அளவு வகுத்திருக்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இட்ட உலோகத்தையும் மண்ணில் எஞ்சியதையும் ஒப்பிட்டவர்களுக்குக் கணக்கு உதைத்தது. பெரும்பகுதி எங்கோ போய்விட்டதாகத் தோன்றியது. உலோகம் மெல்லக் கழுவுண்டு போய்விடும் என நம்ப விரும்பியோருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். 1989இல் மக்ராத்தும் லேனும் அதன் காரணத்தை விளக்கினர். ஆண்டாண்டாக உழவுக்கருவி மண்ணைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றிருந்தது. காணாமற்போன உலோகம் பக்கத்துப் பாத்தியில் இருந்தது.

கட்மியம் உணவில் ஏறினால் யாது நிகழும் என்பதை யப்பான் அதற்கு முன்னரே அறிந்திருந்தது. சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்ட தொயாமா மாவட்டப் பெண்கள் பலர், எலும்பு முறிந்து, வலியால் அரற்றும் நோய்க்கு ஆளாயினர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள்படும் இத்தாய்-இத்தாய் என்பதே அந்நோயின் பெயர். 1968இல் யப்பானிய அரசு அதனைச் சூழல் மாசினால் விளைந்த நோயாக ஏற்றுக்கொண்டது. அரிசியுண்ணும் நாட்டவர்க்கு இச்செய்தி வேறு எவர்க்கும் உள்ளதைவிட நெருக்கமானது.

பாரிசின் கதை நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. பியர்லே, அசேர் முதலிய சமவெளிகளின் மேல்மண்ணில் ஈயமும் கட்மியமும் நாகமும் செம்பும் திரண்டிருந்தமை அறியப்பட்டு, 1999க்கும் 2000க்கும் இடையில் அங்கே மனித உணவுக்கான காய்கறிப் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது. பாரிஸ் நகரைத் தலைமுறைகளாக ஊட்டிய தோட்டக்காரரின் வழித்தோன்றல்கள் சோளத்துக்கு மாறினர். பியர்லே சமவெளியில் இப்போது 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பிற் காடு வளர்க்கப்பட்டு வருகின்றது. பேர்லினில், 1980களின் நடுப்பகுதியிற் கைவிடப்பட்ட வடபுறப் பண்ணைநிலத்தில் அவசரமாக நடப்பட்ட மரங்களும் பெரும்பாலும் பட்டுப்போயின. ஹியூகோவின் கணக்குப் பிழையானதன்று. அவர் காலத்துச் சாக்கடையில் இருந்ததற்கு அது சரியான கணக்கே. சாக்கடை மாறியது, கணக்கு மாறவில்லை.

அரசுகள் உலோகத்துக்கு வரம்பு விதித்தது காலந்தாழ்த்தியே. ஐரோப்பியச் சமூகத்தின் பணிப்புரை 1986இல் வந்தது. ஐக்கிய அமெரிக்காவோ, கடலிற் சேறு கொட்டுவதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்த பின்னர், அதை நிலத்திலிடுவதற்கான விதிகளை 1993இல் வகுத்தது. கடலைக் காக்கும் சட்டமே நிலத்தின் சுமையைக் கூட்டியது. ஐரோப்பிய விதி கட்மியத்தை ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 0.15 கிலோகிராமுக்கு மட்டுப்படுத்தியது. அமெரிக்க விதி ஒரு நிலத்தின் வாழ்நாளில் 39 கிலோகிராம் வரை அனுமதித்தது. ஐரோப்பிய வேகத்தில் அந்த 39 கிலோகிராமை அடைய 260 ஆண்டுகள் செல்லும். இருசாராரும் ஒரே உலோகத்தைப் பற்றிய ஒரே விஞ்ஞானத்தையே கற்றவர்கள். நிலம் வெறுமையாக இருக்கவேண்டுமா, தாங்கும் மட்டும் நிரப்பலாமா என்பதில் மட்டுமே அவர்கள் வேறுபட்டனர். அது ஆய்வுகூடத்தில் முடிவு செய்யப்படும் விடயமன்று. பெயர்மாற்றமும் இக்காலத்திலேயே நிகழ்ந்தது. கழிவுநீர்த் துறையினரின் அமெரிக்கச் சங்கமொன்று 1991இல் சேற்றுக்கு நல்ல பெயரொன்று தேடிப் போட்டி நடத்தி, ‘பயோசொலிட்ஸ்’, அதாவது உயிர்த்திண்மம், என்ற பெயரைத் தெரிந்தெடுத்தது. பெயர் மாறியபோது சேறு மாறியதா என்பது வேறு வினா. நியாயமாகக் கூறுவதாயின், ஆலைகள் தம் கழிவை முன்கூட்டியே சுத்திகரிக்கவேண்டும் என்ற விதிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேற்றின் உலோகச்செறிவு கணிசமாகக் குறைந்தே வந்தது.

உலோகம் அடங்கிய வேளையில் அடுத்தது வெளிப்பட்டது. ஒட்டாத சட்டிகள், எண்ணெய் பற்றாத கடதாசி, தீயணைப்பு நுரை ஆகியவற்றுக்குப் பயன்பட்ட புளோரீன் ஏற்றிய காபன் சேர்வைகள் இயற்கையில் ஏறக்குறைய அழிவதேயில்லை. 2016இல் மெயின் மாநிலத்திற் பாற்பண்ணை ஒன்றின் பாலில் அவை காணப்பட்டன. ஆண்டுக்கணக்காக, அனுமதியுடன், விதிகளுக்கமைய இடப்பட்ட சேற்றிலிருந்தே அவை வந்தன. 1993ஆம் ஆண்டு விதிகளில் இச்சேர்வைகளுக்கு இடமே இல்லை. மெயின் 2022இற் சேறிடுவதை முற்றாகத் தடைசெய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட வரைவு மதிப்பீடு, சேற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே இவற்றுள் இரண்டு சேர்வைகள் பண்ணைக் குடும்பத்தாருக்குத் தீங்கு தரக்கூடும் என்று கூறியது. சுவிற்சர்லாந்து 2006இலேயே சேற்றை வயலிலிருந்து முற்றாக விலக்கிவிட்டிருந்தது. ஆயின் எரித்துவிடுவதும் முழுத்தீர்வன்று. பொசுபரசு தோண்டியெடுக்கப்படும் பாறை, தோண்டத் தோண்டக் குறைவது. ஜேர்மனியின் 2017ஆம் ஆண்டு விதி, பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் சேற்றிலிருந்தோ அதன் சாம்பலிலிருந்தோ பொசுபரசை மீட்கவேண்டும் எனப் பணிக்கின்றது. லீபிக்கின் எச்சரிக்கைக்கு 19ஆம் நூற்றாண்டு அளித்த விடை தவறிற்று, எச்சரிக்கை தவறவில்லை.

இவற்றையெல்லாம் படிக்கும் நம்மவர், குழாயும் ஆலையும் இல்லாத இடத்தில் மாட்டெருவுக்கு இந்தக் குற்றச்சாட்டுப் பொருந்தாது எனக் கூறக்கூடும். பெரும்பாலும் அது சரியே, முற்றாகச் சரியன்று. கனடாவின் வோக்கற்றன் என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் பெய்த பெருமழை, வயலில் இட்ட மாட்டெருவிலிருந்த கொடிய ஈ.கோலை பற்றீரியாவை ஊர்க்கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தது. 7 பேர் இறந்தனர். 2,300 பேர் வரையில் நோயுற்றனர். குளோரின் இடுவதில் ஊழியர் காட்டிய கவலையீனம் ஒரு காரணம். எருவிட்ட விவசாயி முறைப்படியே இட்டிருந்தார், அவர்மீது தவறில்லை என்று விசாரணை ஆணைக்குழு கூறிற்று. கிணறு ஆழமற்றது, கீழிருந்த பாறை வெடிப்புகள் நிறைந்தது. மண் வடிகட்டும் என்ற ஷ்லோசிங் காலத்து நம்பிக்கைக்கு அங்கே மண் போதவில்லை.

வெடிப்புள்ள பாறையும் ஆழமற்ற கிணறும் நமக்குப் புதியவையல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீரும் தோட்டநீரும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் குழிகளிலும் பிளவுகளிலும் தேங்கும் மழைநீரே. ஆறென்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே. அந்நிலத்தில் மாட்டுப்பட்டி அடைத்தும், சாணமும் குழையும் பனையோலையும் தாழ்த்தும் தலைமுறைகள் புகையிலையும் காய்கறியும் விளைவித்தன. பின்னர் வெங்காயமும் மிளகாயும் பெருகியபோது இரசாயனப் பசளையும் எருவின்மேல் ஏறியது. ஒரே வளவினுள் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்தன. 1980களில் நடைபெற்ற ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைக் கடந்திருந்தமையைக் காட்டின. எருவோ, உப்புப்பசளையோ, மலக்குழியோ, எதிலிருந்து வந்தாலும் மண்ணின் நுண்ணுயிர் அதனை நைத்திரேற்றாகவே மாற்றி நீருக்கு அனுப்புகின்றது.

2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை மே மாதத்தில் தடைசெய்து, நவம்பரில் அத்தடையைத் தளர்த்திய அந்தச் சில மாதங்களிற் ‘சேதனம்’ என்ற சொல்லே பாதுகாப்பின் சான்றிதழாக வழங்கியது. சீனத்திலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பலின் மாதிரிகளில் தீங்கு தரவல்ல பற்றீரியா உண்டென இலங்கையின் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் கூற, நிறுவனம் அதனை மறுக்க, இறக்கப்படாத சரக்குக்காக 67 இலட்சம் டொலர் கொடுத்து விவகாரம் 2022 ஜனவரியில் முடிந்தது. கிருமி உண்டா என்பதே அப்போது நடந்த வாதம் முழுவதும். கிருமிக்கு அப்பால் அதில் வேறென்ன இருந்தது, எந்த மூலப்பொருளிலிருந்து அது வந்தது என்ற கேள்விகள் பொதுமேடையில் அதிகம் எழவில்லை. 1871இல் எருதை அறுத்தவர்களும் தாம் அஞ்சிய ஒன்றையே தேடினார்கள்.

குடாநாட்டு நைத்திரேற்றுக்கு மீள்வோம். 1877இற் பாரிசின் சுண்ணாம்புக்கற் குழாயிலிருந்து அது வடிந்தபோது தூய்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 1945இல் அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் கொம்லி, பண்ணைக் கிணற்று நீரிற் கரைத்த பாலைக் குடித்து உடல் நீலம்பாரித்த சிசுக்களைப் பற்றி எழுதியபின் அதுவே நஞ்சாயிற்று. நைத்திரேற்றுக்குக் கொதியும் குளோரினும் ஒன்றே. இரண்டாலும் அது அழிவதில்லை. நீரைக் காய்ச்சினால் நீர் குறைந்து நைத்திரேற்று செறியும். புட்டிப்பாலுக்கு நீர் காய்ச்சும் தாய், கிருமிக்கு எதிராகச் சரியானதையே செய்கின்றாள்.